கோபுரமும் கூடாரமும்

மக்கமா நகரிலிருந்து திரும்பும் ஹாஜிகள் காட்டும் படங்களில், கஅபாவிற்குப் பின்னே ஒரு மணிக்கூண்டு தவறாது நிற்கிறது. அப்ராஜ் அல்பைத் எனும் ஏழு கோபுரத் தொகுதியின் நடுக்கோபுரம் அது. 2012-இல் நிறைவெய்தியது, உயரம் 601 மீட்டர். அதன் கடிகார முகத்தின் குறுக்களவே 43 மீட்டர். கஅபாவின் உயரமோ ஏறத்தாழ 13 மீட்டர்.

உயர்ந்த கட்டடங்களை வெறுப்போர் அல்லர் நாம். குன்றுகளுக்கிடையே ஒடுங்கிய பள்ளத்தாக்கு அந்நகர். 2012-இல் ஹஜ் செய்தோர் முப்பது லட்சத்திற்கும் மேற்பட்டோர். பக்கவாட்டில் விரிய வழியில்லாத ஊர் மேல்நோக்கித்தான் வளரும். அத்தொகுதி இரு புனிதப் பள்ளிகளுக்கான வக்ஃபைச் சேர்ந்தது என்பதை மறைப்பதும் நேர்மையன்று. ஆயினும், எவ்வளவு உயரம் என்று கேட்குமுன், எவ்விடத்தில், யாருக்காக என்று கேட்டிருத்தல் வேண்டும். இக்கோபுரங்களுக்கு இடம்விட்டு, உஸ்மானியர் காலத்து அஜ்யாத் கோட்டை 2002-இல் இடிபட்டது; அது நின்ற குன்றும் வெட்டிச் சமனாக்கப்பட்டது. அங்கே பள்ளியை ஒட்டி எழுந்தவற்றுள் பெரும்பகுதி வசதி படைத்தோர் தங்கும் விடுதிகள். நம் நாட்டு ஹஜ் குழு வழியே செல்வோரில் பெரும்பாலோர்க்கு வாய்ப்பதோ அஸீஸிய்யா. முழங்கால் வலியோடு பேருந்துக்குக் காத்து நிற்கும் நம் வீட்டுப் பெரியவர்களை அந்த வரைபடம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இவ்விடத்தில் மர்ஹூம் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் நினைவுக்கு வருகிறார். 1929-இல் டாக்காவில் பிறந்து சிகாகோவில் பணியாற்றிய பொறியாளர். வானளாவிய கட்டடத்திற்குப் பெருஞ்சவால் அதன் எடையைவிடக் காற்றே என்றுணர்ந்து, புறச்சுவர்த் தூண்களை நெருக்கி நிறுத்தி, கட்டடம் முழுவதையும் ஒரு குழல்போல் காற்றைத் தாங்கச் செய்தார். அத்தகைய ஒன்பது சதுரக் குழல்களின் கட்டுத்தான் 442 மீட்டர் உயர சியர்ஸ் கோபுரம். உயர உயரக் குழல்கள் இடையிடையே நின்றுவிட, உச்சியை எட்டுபவை இரண்டே. இரும்பைச் சிக்கனமாய்ச் செலவிட்டு உயரத்தை எட்டிய முறை அது.

அத்தகையவர் ஜித்தா விமான நிலையத்தின் ஹஜ் முனையத்திற்குத் தேர்ந்தது கூடாரம்! கண்ணாடியிழைத் துணியாலான 210 கூடாரங்கள், ஒவ்வொன்றும் 45 மீட்டர் சதுரம். வெயிலின் பெரும்பகுதியைத் துணி திருப்பிவிடும், பக்கங்கள் திறந்தவை, சூடேறிய காற்று உச்சித் திறப்பின் வழியே வெளியேறிவிடும். களைத்து இறங்கும் பயணிக்கு முதலில் வேண்டுவது நிழலும் காற்றும் என்பதை உணர்ந்த வரைவு. 1983-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது அதற்குக் கிடைத்தபோது அவர் உயிருடன் இல்லை. முந்தைய ஆண்டில் ஜித்தாவிலேயே மௌத்தானார்.

விமான நிலையத்தின் திறந்தவெளி வேறு, நெரிசல் மிகுந்த நகரம் வேறு எனச் சிலர் மறுக்கக்கூடும். உண்மையே, மக்காவில் கூடாரம் அடிக்கச் சொல்லவில்லை நாம். அஜ்யாதுக்குப் பின் ஜபல் உமர் குன்றும் தரைமட்டமாகி, அங்கும் விடுதிக் கோபுரங்கள் எழுந்துவிட்டன. அவற்றை வரைந்தோர் மேசையில் ஜித்தா முனையத்தின் வரைபடம் ஒருமுறையேனும் விரிக்கப்பட்டிருக்குமா என்பதே நம் ஐயம்.