எந்தச் சேவையை நிறுத்துவது?

லினக்ஸ் கணினி துவங்கத் தாமதமானால், தேவையற்ற பின்னணிச் சேவைகளை நிறுத்தச் சொல்வது வழக்கம். பழக்கம் நல்லதுதான், அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் வலுவற்றது. 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டும், சேவைகளைத் துவக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கு மாறின. அதன்பின் பெரும்பாலான சேவைகள் ஒரே நேரத்தில் இணையாகத் துவங்குகின்றன. ஒவ்வொரு சேவையும் துவங்க எடுத்த நேரத்தைப் பட்டியலிடும் ‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’ கட்டளை காட்டும் நொடிகளையெல்லாம் கூட்டி, அவ்வளவும் மிச்சம் என்று கணக்குப் போடுவது தவறு. பத்து நொடி எடுக்கும் சேவைக்காக வேறெதுவும் காத்திருக்கவில்லை என்றால், அதை நிறுத்தியும் பெரிய பயனில்லை. எது எதற்காகக் காத்திருந்தது என்பதைக் ‘கிரிட்டிக்கல்-செயின்’ கட்டளையில்தான் பார்க்க வேண்டும்.

இந்தப் பழக்கத்தின் உண்மையான பலம் பாதுகாப்பு. 2024 செப்டம்பரில் வெளியான அச்சுச் சேவைக் குறைபாடு இதற்குச் சான்று. பிணையத்தில் அச்சுப்பொறிகளைத் தேடும் ‘கப்ஸ்-பிரவுஸ்டு’ 631ஆம் போர்ட்டில் யார் அனுப்பிய தகவலையும் ஏற்றுக்கொண்டது. அதன்வழி ஒரு போலி அச்சுப்பொறியைச் சேர்த்துவிட்டால், பயனர் அதில் அச்சிடும்போது தாக்குபவரின் கட்டளை ஓடும். உபுண்டு மேசைக்கணினிகளில் இச்சேவை தானாகவே ஓடிக்கொண்டிருந்தது. ரெட் ஹேட்டில் இயல்பாக அணைந்திருந்தது. அச்சுப்பொறியே இல்லாத எத்தனையோ வீடுகளில் இந்தக் கதவு காரணமின்றித் திறந்து கிடந்தது.

பலவீனம், பிறர் பட்டியலை அப்படியே நகலெடுப்பதில் இருக்கிறது. அத்தகைய பட்டியல்களில், மொபைல் இணைய மோடங்களைக் கையாளும் ‘மோடம்மேனேஜர்’ அடிக்கடி இடம்பெறும். ஃபைபர் இணைப்புள்ள நகர வீட்டுக்கு அது பொருந்தலாம். போடிமெட்டுக்கு மேலே, சிம் போட்ட டாங்கிளை நம்பியிருக்கும் ஏலக்காய்த் தோட்ட அலுவலகத்தில் அதே சேவையை நிறுத்தினால் இணையமே அறுந்துபோகக்கூடும். போடிநாயக்கனூர் மின்னணு ஏலத்தில் அன்றைக்கு ஏலக்காய் என்ன விலைக்குப் போனது என்று நறுமணப் பொருள் வாரியத்தின் தளத்தில் பார்க்கவும் வழியிருக்காது. நேர ஒத்திசைவுச் சேவையும் அப்படித்தான். பழைய கணினியில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால், ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் கடிகாரம் பின்னால் ஓடிவிடும். தேதி தவறினால் உலாவி சான்றிதழ்களை நிராகரிக்கும், பில்லிலும் தவறான நாள் விழும். நிழல் மரத்தைக் கழிக்கும் தோட்டக்காரர் தம் சரிவின் வெயிலைப் பார்த்துத்தான் கிளையைத் தொடுகிறார். அடுத்த மலையில் கழித்த அளவு அவருக்கு அளவாகாது.

எந்தச் சேவை ஓட வேண்டும் என்று தீர்மானிப்பது பயனரின் வேலையா, இயங்குதளத்தை உருவாக்குவோர் செய்ய வேண்டியதல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிறுவிய உடனேயே சேவையைத் துவக்கும் டெபியன் வழக்கத்தைவிட, கேட்காதவரை பெரும்பாலானவற்றை அணைத்துவைக்கும் ஃபெடோரா முறையே மேல். ஆனாலும் இந்தக் கணினியில் டாங்கிள் உண்டா, அச்சுப்பொறி உண்டா என்பது ஃபெடோராவுக்கும் தெரியாது. ஆகவே சிஸ்டம்டியின் ‘ஸ்டேட்டஸ்’ கட்டளையால் சேவையின் நிலையைப் பார்த்து, ஒவ்வொன்றாக ‘டிசேபிள்’ செய்து, மறுதுவக்கி, நிறுத்தியதைக் குறித்துவையுங்கள். அப்படியும் வேறொரு சேவை அதை எழுப்பினால் மட்டும் ‘மாஸ்க்’ செய்து முழுதாகத் தடுங்கள். டேட்டா மிச்சப்படுத்துவதற்காகத் தானியங்கிப் பாதுகாப்பு மேம்படுத்தலை நிறுத்துவதை மட்டும் ஏற்க முடியாது: அச்சுச் சேவையின் ஓட்டையை அடைத்த திருத்தம் பல கணினிகளுக்கு வந்துசேர்ந்தது அந்த வழியாகத்தான்.