புதுமைக்கு யார் பரிசு கொடுப்பது?

ஹம் காமாட்சி அம்மன் தீர்த்தத் திருவிழாவன்று, கால்வாய்க் கரையில் நின்ற நண்பர் "நாங்கள் கப்பலோட்டிய பரம்பரை" என்றார். எனக்குப் பெருமை வரவில்லை.

2000ஆம் ஆண்டில் சர்வதேசக் கடல்சார் புகழ்மண்டபம் மல்கம் மக்லீனை 'நூற்றாண்டின் மனிதர்' என்றது. 1956இல் 58 கொள்கலன்களை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்ரனுக்குக் கப்பலில் அனுப்பியவர் அவர். ஒரு தொன் சரக்கை ஏற்ற 5.86 டொலர் என்றிருந்தது 16 சதமாயிற்று. கெட்டிக்காரர்தான். ஆனால் மிச்சம் பிடித்ததில் பெரும்பங்கு துறைமுகத் தொழிலாளியின் கூலி. இத்தகைய விருதுகள் புதுமையை இலாபத்தின் பக்கம் நின்றே அளக்கின்றன.

எங்கள் கணக்கு மட்டும் சுத்தமா? வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தபோது 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' ஆகியிருந்தது. பெயரை மாற்றிய அமெரிக்கரைக் குறைசொல்கிறோம். மரம் இழைத்த தச்சர்களின் பெயரை எங்களில் எத்தனை பேர் கேட்டோம்? சாதி விசாரிக்கத் தெரிந்தவர்கள்தானே நாங்கள்!

1986இல் ஜேர்மனியிலிருந்து போய், நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் விடப்பட்ட 155 தமிழரைக் கண்டு உதவிக்கு வந்தவர் கஸ் டால்ரன் என்னும் மீன்பிடிக் கப்பற் தலைவர். அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த திருவிழாவில் நண்பரிடம் அவரைப் பற்றிப் பேச இருக்கிறேன்.