மை படிந்த வானம்

துங்கபத்திரைக் கரையில் ஹம்பியைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளைக் காட்டி, இதுதான் கிட்கிந்தை என்பார்கள். கம்பனுடைய கிட்கிந்தை வேறு. காவிரிச் சமவெளியில், தேரழுந்தூரில் பிறந்தவன் கற்பனையிலே வளர்த்த மலைக்காடு அது. அங்கே வானரர் அரசாள்கிறார்கள். சுக்கிரீவனுக்கு முடிசூட்டியாயிற்று, மழைக்காலம் நான்கு மாதமும் படை நகராது. இராமனுக்குக் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. கதை நின்றுவிட்ட இந்த இடத்தில்தான் கார்காலப் படலத்தின் உவமைகள் புறப்படுகின்றன.

சூரியன் தெற்கே சாய்கிறான். சீதையைத் தேட இராமன் முன்கூட்டியே அனுப்பிய தூதன் போல அவன் போகிறான் என்கிறான் கம்பன். அனுமன் புறப்பட இன்னும் நாள் இருக்கிறது. தென்திசைக்கு முதல் தூது அதற்குள் போய்விட்டது.

அடுத்து வானம் கறுக்கிறது. ஆதிசேடன் தாங்கும் பூமி அகல், கடல் அதில் வார்த்த நெய், மேரு பொன் திரி, சூரியன் சுடர். அந்த விளக்கிலிருந்து எழுந்து படிந்த மைதான் மேகம். 'மைபோல் கறுத்தது' என்று யாரும் சொல்லிவிடலாம். அந்த மைக்காக உலகத்தையே விளக்காக்கி ஏற்றுவதற்குக் கம்பன் வேண்டும். இதில் நுட்பம் இன்னொன்று: கடல்நீரை வெயில் காய்ச்சித்தானே மேகம் உண்டாகிறது? நெய்யும் சுடரும் சேர்ந்து மை பிறப்பதும் அப்படியே. உவமை அழகாக இருப்பதோடு சரியாகவும் இருக்கிறது. கொழும்பு வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கு அப்பால் கடலைப் பார்த்து நிற்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால், இருட்டு முதலில் கடலின் மேல்தான் படியும்.

பிறகு மழை. அரக்கன் வானில் கவர்ந்து சென்றபோது சீதையின் கண்கள் பொழிந்ததுபோல் பொழிந்தது என்கிறான். அந்தப் பாட்டில் அரக்கன் கையில் வில்லும் வாளும் இருக்கின்றன. மழைவானத்திலும் வானவில் உண்டு, மின்னல் உண்டு. இரண்டையும் பொருத்திக் காட்டாமல் நமக்கே விட்டுவிடுகிறான். காட்டில் இராமன் மேல் விழும் ஒவ்வொரு துளியும் அவளுடைய கண்ணீராகிவிடுகிறது.

அதே மழைக்கு இன்னொரு முகமும் உண்டு. பகை இனித் தீர்ந்தது என்று தேவர்கள் ஆரவாரித்தால் இடி. அவர்கள் தூவும் மலர்தான் துளி. கண்ணீர் நடந்து முடிந்ததைச் சொல்கிறது, மலர் வரப்போகும் வெற்றியைச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே இராமன் நனைகிறான்.

1980இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய கம்பன் கழகம், பின்னர் வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலும் கம்பன் விழா எடுத்துவந்திருக்கிறது. அத்தகைய விழாக்களின் பட்டிமண்டபத்துக்கு வாலிவதை வாய்ப்பான பொருள். கார்காலத்தில் வழக்காட எதுவும் இல்லை. ஆனால் கம்பனின் கவித்துவத்தை ஒரே படலத்தில் காட்டச் சொன்னால், நான் எடுப்பது இந்த மழையைத்தான்.