பேராதனைக் குழியும் எங்கள் பொல்லடியும்

ஆசிரிய கலாசாலையில் பயிற்சி பெற்ற நாட்களில், நண்பர்கள் சிலருடன் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் 'சிங்கபாகு' பார்த்தேன். மாணவர்கள் அவ்வரங்கை 'வள' என்பர். சிங்களத்தில் குழி என்று பொருள். சரிவிலே படிப்படியாக இருக்கைகள், கீழே மேடை, மேலே மரங்களும் வானமும். தொடங்குமுன் கூச்சலும் கிண்டலும் காதைப் பிளந்தன. மகனின் அம்புக்குத் தந்தைச் சிங்கம் வீழ்ந்தபோதோ அதே கூட்டத்தில் ஓர் இருமல்கூட இல்லை. என் சிங்களம் அரைகுறை. இருந்தும் கண் கலங்கியது.

சரச்சந்திரவின் 'மனமே' 1956 இல் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் பிறந்தது. 'சிங்கபாகு' 1961 இல் இந்தக் குழியிலேயே பிறந்தது. இரண்டுக்கும் அடிப்படை 'நாடகம' எனும் சிங்களக் கூத்து. அதன் பெயரிலேயே தமிழ் இருக்கிறது. அந்த முயற்சியால் உந்தப்பட்ட பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' முதலியவற்றைத் தந்தார். விடிய விடிய ஆடிய கூத்து அவர் கையில் சுருங்கிப் படச்சட்ட மேடைக்கு வந்தது. அவரில்லையேல் படித்தவர்கள் கூத்தைத் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்கள். அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் நம் விமர்சகர்கள் நேரம் சுருங்கியதைப் பேசிய அளவுக்கு இடம் சுருங்கியதைப் பேசவில்லை. கூத்துக்களரி வட்டமானது. சனம் சுற்றிவர இருக்கும். ஆடுபவனுக்கு முதுகுப்பக்கம் என்று ஒன்றில்லை. சட்டத்துக்குள் வந்ததும் அவன் ஒரே திசைக்கு ஆடத் தொடங்கினான். சிங்கள அரங்கு மண்ணில் குழி தேடி இறங்கிய அதே வளாகத்தில், நாம் பெட்டிக்குள் ஏறினோம். பாடசாலைகளுக்கு வந்து சேர்ந்ததும் அந்தப் பெட்டிதான்.

குறை சொல்ல எனக்கும் யோக்கியதை குறைவு. ஒரு போட்டிக்காக எங்கள் ஊர்ப் பொல்லடியை நானே மேடையேற்றினேன். வட்டமாக நின்றால் நடுவர்களுக்குப் பாதிப் பிள்ளைகளின் முதுகுதான் தெரியும் என்று இரண்டு வரிசையாக்கினேன். பழக்கிய அண்ணாவியார் கேட்டார்:

"சேர், ஆருக்கு மொகத்தக் காட்டி அடிக்கிற? எதிர நிக்கிறவன்ட பொல்லப் பாத்துத்தானே அடிக்கணும்?"

பரிசு கிடைத்தது. அவர் பார்க்க வரவில்லை.

இம்முறை மீலாத் விழாவுக்கு மேடை வேண்டாம், மைதானத்து வேம்படி போதும் என்று அதிபரிடம் கேட்டிருக்கிறேன். மழை வந்தால் என்ன செய்வீர் என்கிறார்.