மோர்மன் சபையார் குறித்து எழும் கேள்விகள்

ஆவடியை அடுத்த வெள்ளானூரில், வேலையின் பொருட்டுப் பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் கூடும் வீட்டு வேதபாடம் ஒன்றில், மோர்மன் சபையாரைக் குறித்த பேச்சு எழுந்தது. வெள்ளைச் சட்டையும் டையும் பெயர்ப்பட்டையும் அணிந்த இரு இளைஞர்கள், அங்கிருந்த ஒருவருடைய உறவினர் வீட்டிற்கு வந்திருந்தனர். கொடுத்த காப்பியைப் பணிவுடன் மறுத்துத் தண்ணீர் மட்டும் வாங்கிப் பருகினர், ஜெபித்தனர், தமிழில் அச்சிட்ட நூல் ஒன்றைத் தந்து சென்றனர். நிகழ்ந்தது இவ்வளவே. ஆனால் கேள்விகள் பல பிறந்தன. இவர்கள் கிறிஸ்தவர்களா? காப்பி குடிப்பது பாவமா? இவர்களுக்குப் பல மனைவியர் உண்டாமே? அந்த நூலில் என்ன இருக்கிறது? இறுதியில் முதிய அம்மையார் ஒருவர், "எங்க அம்மா இயேசுவை அறியாமலே போய்ச் சேர்ந்தாங்க. அவங்களுக்காக இப்போ ஞானஸ்நானம் எடுக்கலாம்னு சொல்றாங்களே, ஐயா, மெய்தானா?" என்று கேட்டார்.

முதல் நான்கு கேள்விகளுக்கும் நாம் உடனே விடை கூறினோம். பின்னர் ஆராய்ந்தபோது அவற்றுள் இரண்டு தவறென்று கண்டோம். ஐந்தாவது கேள்விக்கோ நம்மிடம் விடையே இல்லை. பிறர் போதனையைக் கண்டிக்குமுன் அதனைச் சரியாக எடுத்துரைப்பது நம் கடன். பொய்ச்சாட்சி கூறாதிருப்பாயாக என்னும் கட்டளை சமய வாதங்களுக்கும் பொருந்தும். அக்கடனை நிறைவேற்றிய பின்னரே நாம் கண்டிக்கவேண்டியது எது, கற்கவேண்டியது எது என்பது விளங்கும்.

வரலாறு

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதே இச்சபையின் முழுப்பெயர். மோர்மன் என்னும் பெயரைத் தவிர்க்குமாறு அவர்களுடைய தலைவர் 2018-இல் வேண்டிக்கொண்டார். வாசகர்க்குப் பழகிய பெயர் என்பதற்காகவே அதனை இங்கு ஆளுகின்றோம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 1830 ஏப்ரல் 6-ஆம் நாள் ஜோசப் ஸ்மித் (1805–1844) இச்சபையை நிறுவினார். அப்போஸ்தலர் காலத்திற்குப்பின் திருச்சபை முற்றிலும் வழுவிப்போயிற்று என்பதும், குருத்துவ அதிகாரம் உலகினின்று அகன்றது என்பதும், அது தம் வாயிலாக மீண்டும் அளிக்கப்பட்டது என்பதும் அவர் கூற்றுகள். 1844-இல் இல்லினாய்ஸ் மாநிலத்துக் கார்த்தேஜ் சிறையில் அவர் கலகக் கும்பலால் கொல்லப்பட்டார். பிரிகாம் யங் தலைமையில் பெரும்பகுதியினர் 1847-இல் யூட்டாவின் உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர்.

சென்னைக்கு இவர்கள் புதியவர்கள் அல்லர். ஸ்காத்லாந்தில் பிறந்தவரும், சால்ட் லேக் நகரில் 1849-இல் அச்சபையின் முதல் ஓய்வுநாள் பள்ளியைத் தொடங்கியவருமான ரிச்சர்டு பாலன்டைன் 1853-இல் சென்னைக்கு வந்து ஏறக்குறைய ஓராண்டு தங்கினார். அவர் பணி பெரிதும் ஐரோப்பியரிடையே ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. பலதார மணம் தங்கள் கொள்கையென்று 1852 ஆகஸ்டில் அச்சபை வெளிப்படையாக அறிவித்தது. அச்செய்தி இங்கு அவர்களுக்குப் பெருந்தடையாயிற்று. 1856-இல் இந்தியாவில் அம்முயற்சி ஓய்ந்தது. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்து, தமிழ் கற்று, பத்தாண்டுகளுக்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்குவின் பணியோடு இதனை ஒப்பிட்டால், மொழிக்குள் நுழையாத பணி வேரூன்றுவதில்லை என்பது புலனாகும்.

இன்று நிலைமை அவ்வாறில்லை. 1965-இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த தமிழர் ஒருவர் அச்சபையில் ஞானஸ்நானம் பெற்றுத் தம் பகுதியில் பணியாற்றினார். 1993-இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பணித்தளம் அமைந்தது. 2018-இல் பெங்களூரில் ஆலயம் எழுப்பும் திட்டம் அறிவிக்கப்பட்டு, 2020-இல் பணி தொடங்கிற்று. மோர்மன் நூல் முழுவதும் தமிழில் கிடைக்கின்றது. அதைவிடக் கவனிக்கத்தக்கது, அவர்களுடைய தமிழ் நம் பழைய வேதாகமத்தின் தமிழே என்பது. கர்த்தர், பரமபிதா, இரட்சிப்பு, ஞானஸ்நானம் என்னும் சொற்களெல்லாம் நம் சபையார் காதுக்குப் பழகியவை. சொல் ஒன்று, பொருள் வேறு என்பதே இங்குள்ள சிக்கல்.

வழக்கங்கள்

காப்பியைக் குறித்த கேள்வி எளியது. 1833-இல் ஜோசப் ஸ்மித் அறிவித்த உணவொழுக்கத்தின்படி அவர்கள் மது, புகையிலை, தேநீர், காப்பி ஆகியவற்றை விலக்குகின்றனர். திருவிருந்திலும் திராட்சரசத்திற்குப் பதிலாக நீரையே வழங்குகின்றனர். மாதந்தோறும் ஒரு நாள் இருவேளை உணவை விடுத்து, அதன் செலவை ஏழைகளுக்கென அளிக்கின்றனர். தசமபாகம் கண்டிப்பானது. ஊர்ச்சபையை நடத்தும் பிஷப்புக்கு ஊதியம் இல்லை. வாரத்தில் ஒரு மாலையைக் குடும்ப வழிபாட்டிற்கென ஒதுக்குகின்றனர். நம் சபைகளில் குடும்ப ஜெபம் எந்நிலையில் உள்ளது என்பதை எண்ணுவோர் இவற்றை எள்ளி நகையாடமாட்டார்கள். எனினும் உணவு நம்மைக் கடவுளிடம் சேர்ப்பதில்லை என்று பவுல் கொரிந்தியர்க்கு எழுதியதை நாம் மறத்தலாகாது. காப்பியை விடுதல் நல்லொழுக்கமாகலாம். அவர்களிடையே அது ஆலயத்தினுள் செல்வதற்குரிய தகுதிகளுள் ஒன்றாக வைக்கப்படும்போதுதான் நாம் மறுக்கவேண்டியவர்களாகின்றோம்.

பல மனைவியர் உண்டு என்று வெள்ளானூரில் நாம் கூறியது தவறு. 1890-இல் அச்சபை பலதார மணத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. 1904-க்குப் பின் அதனைச் செய்வோரை விலக்கலாயிற்று. இன்றும் அதனைப் பின்பற்றுவோர் பிரிந்துபோன சிறு குழுவினரே. ஆயினும் அக்கொள்கையைக் கூறும் பகுதி அவர்களுடைய திருநூலினின்று நீக்கப்படவில்லை. மனைவியை இழந்த ஆடவன் இரண்டாம் மனைவியோடும் நித்தியத்திற்கென இணைக்கப்படலாம். எனவே நடைமுறையில் நின்றது எண்ணத்தில் முற்றிலும் நின்றதா என்று கேட்பது முறையே.

ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான கறுப்பின ஆடவர்க்கு 1978 ஜூன் வரை அவர்கள் குருத்துவம் வழங்கவில்லை. இதனைச் சுட்டும்போது நம் கை நடுங்கவேண்டும். சாதி வேற்றுமையைச் சபையினின்று அகற்றுமாறு பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் ஆணையிட்டார். அதன்பின் எத்தனை தலைமுறைகள் சென்றும், தனித்தனிக் கல்லறைத் தோட்டங்களை நம் நாட்டுக் கிறிஸ்தவம் இன்னும் முற்றிலும் ஒழித்துவிடவில்லை.

நூல்

மோர்மன் நூலில் திரித்துவ மறுப்பே நிறைந்திருக்கிறது என்று நாம் கூறியதும் தவறாயிற்று. அந்நூலை வாசித்தபோது, பிதாவும் குமாரனும் ஒரே கடவுள் என்று வற்புறுத்தும் பகுதிகளையே அதில் கண்டோம். கடவுளுக்கு உடல் உண்டு என்பதோ, இறந்தோர்க்கான ஞானஸ்நானமோ, நித்திய மணமோ, மனிதர் தெய்வங்களாதலோ அந்நூலில் இல்லை. இவையெல்லாம் ஜோசப் ஸ்மித்தின் பிற்காலப் போதனைகள். வேறு திருநூல்களிலும், 1844 ஏப்ரலில் அவர் ஆற்றிய அடக்கச் சொற்பொழிவு போன்ற உரைகளிலும் காணப்படுபவை. வீடுகளில் தரப்படும் நூலை மட்டும் படிக்கும் போதகர், "இதில் பெரிய பிழை இல்லையே" என்று எண்ணிவிடக்கூடும். முதலில் கையில் தரப்படும் நூல் வேறு, பின்னர் கற்பிக்கப்படும் கொள்கை வேறு என்பதை இறையியல் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

நூலின் வரலாற்று உரிமையும் நிலைநிற்பதாக இல்லை. கி.மு. 600 அளவில் எருசலேமிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற குடும்பத்தாரின் வரலாறு என அது தன்னைக் கூறிக்கொள்கின்றது. அக்காலத்து அமெரிக்காவில் இருந்ததற்குச் சான்றில்லாத குதிரைகளும் எஃகும் அதில் வருகின்றன. ஏசாயாவின் நீண்ட பகுதிகள் பெரும்பாலும் 1611-ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தின் சொற்களிலேயே அமைந்துள்ளன. அவற்றுள் 48 முதல் 54 வரையுள்ள அதிகாரங்களும் அடங்கும். அவை பாபிலோன் சிறையிருப்பின் இறுதிக்கால நிலையைக் காட்டுவன என்பது பழைய ஏற்பாட்டு அறிஞர் பெரும்பாலோர் முடிவு. அங்ஙனமாயின், அதற்கு முன்பே எருசலேமை விட்டகன்றோர் கையில் அவை இருந்தது எவ்வாறு? ஆபிரகாமின் நூல் என ஜோசப் ஸ்மித் வெளியிட்டது இன்னும் தெளிவான சான்று. அதற்குரிய எகிப்தியச் சுருள்களின் பகுதிகள் 1967-இல் நியூயார்க் அருங்காட்சியகத்திலிருந்து அச்சபைக்குத் திரும்பக் கிடைத்தன. அவற்றில் உள்ளவை எகிப்தியரின் ஈமச்சடங்கு எழுத்துகள். ஆபிரகாமைப் பற்றிய செய்தி ஒன்றும் இல்லை. அவ்வெழுத்துகள் அந்நூலோடு பொருந்தவில்லை என்பதை அச்சபையே 2014-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒப்புக்கொண்டது. ஆயினும் நூல் அருளப்பட்டதே என்று அது சாதிக்கின்றது.

கடவுள் யார்?

இனி, இவர்கள் கிறிஸ்தவர்களா என்னும் கேள்விக்கு வருவோம். இயேசுவின்மேல் அவர்கள் கொண்டுள்ள பற்றை நாம் அளந்து தீர்ப்பிடுவதற்கில்லை. உள்ளங்களை ஆராய்பவர் ஆண்டவர். நாம் ஆராயக்கூடியது போதனையையே. பிதாவுக்குத் தசையும் எலும்புமான உடல் உண்டு என்றும், பிதாவும் குமாரனும் ஆவியானவரும் நோக்கத்தில் ஒன்றாயினும் இருப்பில் மூவர் என்றும், ஆன்மாவும் பருப்பொருளும் படைக்கப்படாதவை என்றும், மனிதர் வளர்ந்து தெய்வ நிலையை எய்தலாம் என்றும் அவர்கள் கற்பிக்கின்றனர். இது நிசேயா விசுவாசப் பிரமாணத்தினின்று சற்றே விலகியதன்று, வேறொரு கடவுட்கொள்கை.

தமிழ்நாட்டில் இறையியல் பயிலுவோர் இதனைச் சைவ சித்தாந்தத்தோடு ஒப்பிட்டுக் காணலாம். பதி, பசு, பாசம் மூன்றும் அனாதி என்பது சித்தாந்தம். உயிர் படைக்கப்படவில்லை என்பதில் இரண்டும் ஒத்தன. ஆனால் முத்தி நிலையிலும் பசு பதியாவதில்லை. ஐந்தொழில் இறைவனுக்கே உரியது என்று சித்தாந்தி உறுதியாகக் கூறுவார். கடவுளுக்கும் உயிருக்கும் உள்ள வேறுபாட்டைக் காப்பதில் மோர்மன் போதனையைவிட மெய்கண்டார் மரபு நம்மிடம் நெருங்கி நிற்பது வியப்புக்குரியது. கீழைத் திருச்சபையின் தந்தையர் தெய்வமயமாதலைப் பற்றிப் பேசியதுண்டு; அது படைக்கப்பட்டவன் கிருபையினால் கடவுளின் வாழ்வில் பங்குபெறுதலேயன்றிக் கடவுள் இனத்தில் ஒருவனாக வளர்தல் அன்று.

இக்காரணம்பற்றியே, திரியேக நாமத்தைச் சொல்லி அவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானத்தை ஏற்க இயலாதென ஐக்கிய மெதடிஸ்டு திருச்சபை 2000-இலும் உரோமைத் திருச்சபை 2001-இலும் முடிவு செய்தன. சொற்கள் ஒன்றாயினும் அவை சுட்டும் கடவுள் ஒன்றல்லர் என்பதே அம்முடிவின் கருத்து. அங்கிருந்து நம்மிடம் வருவோரைப் பொறுமையுடன் கற்பித்து ஞானஸ்நானத்திற்கு ஆயத்தப்படுத்துவதே தக்கதென்று நாமும் கருதுகின்றோம்.

அம்மையாரின் கேள்வி

இறந்தோர்க்காக உயிருள்ளோர் ஞானஸ்நானம் பெறுவதை ஜோசப் ஸ்மித் 1840-இல் கற்பித்தார். இன்று அது ஆலயங்களில் நடைபெறுகின்றது. உலகெங்கும் வம்சாவளிகளை அவர்கள் திரட்டிவருவதும் இதன்பொருட்டே. அவர்கள் காட்டும் ஆதாரம் 1 கொரிந்தியர் 15:29. அங்குப் பவுல் அவ்வழக்கத்தைக் கட்டளையிடவில்லை. "நாம்" என்னாது பிறர் செய்வதாகக் குறிப்பிட்டு, உயிர்த்தெழுதலை மறுப்போரின் முரண்பாட்டைக் காட்டவே அதனை எடுத்தாளுகின்றார். மார்சியன் குழுவினர் இறந்தவனுடைய கட்டிலின் அடியில் உயிருள்ளவன் ஒருவனை ஒளித்துவைத்து, இறந்தவனுக்காக விடைகூறச் செய்து ஞானஸ்நானம் கொடுத்தனர் என்று கிறிசொஸ்தொம் கண்டித்துரைத்தார். பழைய திருச்சபை இவ்வழக்கத்தை ஏற்கவில்லை.

இவ்விளக்கம் சரியானது. ஆயினும் இதனை அந்த அம்மையாரிடம் சொல்லிவிட்டு எழுந்துவந்தால் நாம் ஆயர்கள் ஆகோம். அவர் கேட்டது வேதவசனத்தின் பொருளை அன்று, தம் தாயை. முதல் தலைமுறை விசுவாசிகள் நிறைந்த இந்நாட்டில், ஞானஸ்நானம் பெறாது இறந்த பெற்றோரைக் குறித்து நம் பிரசங்க பீடங்கள் ஒன்று மௌனமாயிருக்கின்றன, அன்றி நரகத்தைப் பேசுகின்றன. நவம்பர் 2-இல் நம்மவர் கல்லறைகளுக்குப் பூ வைக்கும்போது, சுடுகாட்டில் எரிக்கப்பட்ட தம் தாய்க்கு எங்கே பூ வைப்பது என்று அறியாது நிற்போர் நம் சபையிலேயே உண்டு. நாம் விட்ட வெற்றிடத்தில் அவ்விளைஞர்கள் ஒரு விடையை வைத்தனர். விடை தவறு, ஆனால் கேள்வியை அவர்கள் மதித்தனர்.

மறுவாரம் சென்று அவரிடம் இவ்வளவே கூறினோம்: கிறிஸ்து மரித்தோரிடத்திற்கும் இறங்கினார் என்று ஒவ்வொரு ஞாயிறும் அறிக்கையிடுகின்றோம், ஆகவே உம் தாய் சென்ற இடம் அவர் அறியாத இடமன்று. சர்வலோக நியாயாதிபதி நீதி செய்வார் என்று ஆபிரகாம் நம்பினான், நாமும் நம்புகின்றோம். உம் தாயை அவர் கையில் ஒப்புவிக்கலாம். அதற்குச் சடங்கு வேண்டியதில்லை, நாம் அவருக்காகத் தண்ணீரில் இறங்கவேண்டியதுமில்லை. கிறிஸ்து செய்தது போதும்.

அம்மையார் சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்போ கல்லறைத் திருநாள்ல அவங்க பேரைச் சொல்லி ஜெபம் பண்ணலாமா, ஐயா?" என்று கேட்டார். பண்ணலாம் என்றோம். எந்த வார்த்தைகளால் என்பதற்கு நம் வழிபாட்டு நூலைப் புரட்டினோம். விசுவாசத்தில் மரித்தோருக்காக நன்றி செலுத்தும் ஜெபங்கள் அதில் இருந்தன. அவர் தாய்க்குரியது இல்லை. அதனை எழுதும் பொறுப்பு, மோர்மன் போதனைக்கு மறுப்பு எழுதும் பொறுப்பைவிட முந்தியது என்று நமக்குத் தோன்றுகின்றது.