ஒரு பாகையில் மறையும் புள்ளி

கைத்துப்பாக்கியின் ஸ்லைடு எனப்படும் மேற்பகுதியில் பொருத்தப்பட்டு, கண்ணாடியில் சிவப்புப் புள்ளியைக் காட்டும் குறிபார்க்கும் கருவியான ரெட் டாட் சைட், அமெரிக்கக் காவல் துறைகளிலும் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருக்கும் பொதுமக்களிடமும் வேகமாகப் பரவியிருக்கிறது. 1990களிலேயே பந்தயத் துப்பாக்கிகளில் இடம்பிடித்த கருவி இது. 2009இல் டிரிஜிகான் நிறுவனத்தின் ஆர்எம்ஆர் மாடல் வந்த பிறகே அன்றாடப் பயன்பாட்டைத் தாங்கும் அளவுக்குச் சிறியதாகவும் உறுதியாகவும் ஆனது. 2015இல் கிளாக் நிறுவனம் இதற்கென்றே வெட்டிய ஸ்லைடுகளை எம்ஓஎஸ் வரிசையில் விற்கத் தொடங்கியது. அமெரிக்கத் தரைப்படை 2017இல் தேர்ந்தெடுத்த எம்17 துப்பாக்கியிலும் அந்த வசதி உண்டு. இந்த மோகத்துக்கு ஆதரவாக அதிகம் சொல்லப்படும் வாதம், புள்ளியை இலக்கின் மேல் வைத்துச் சுட்டால் போதும், யாருக்கும் இது எளிது என்பதே. பிழை அந்த வாதத்தில்தான் இருக்கிறது.

நன்மைகளை மறுப்பதற்கில்லை. துப்பாக்கியின் வழக்கமான இரும்புக் குறிகளில் பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தொலைவைத்தான் தெளிவாகப் பார்க்கும். ரெட் டாட்டில் பார்வை இலக்கை விட்டு அகல வேண்டியதில்லை. வெள்ளெழுத்து விழுந்த கண்ணுக்கு, அதிலும் 25 மீட்டர் தொலைவில், இது பேருதவி. பேட்டரி பற்றிய அச்சமும் பழங்கதை: மூடிய பெட்டி வடிவிலான எய்ம்பாயிண்ட் அக்ரோ பி-2 ஒரே சிஆர்2032 பேட்டரியில் 50,000 மணி நேரம் ஒளிரும். மழைத்துளியோ பஞ்சோ புள்ளியை உண்டாக்கும் எல்இடியை மறைக்கும் தொல்லையையும் இத்தகைய மூடிய வகைகள் தீர்த்துவிட்டன.

தீராத குறை ஒளியியலில் இருக்கிறது. எல்இடியின் ஒளி கண்ணாடியில் பட்டு, ஏறத்தாழ இணையான கற்றையாகக் கண்ணை நோக்கித் திரும்புகிறது. அந்தக் கற்றை கண்ணாடியின் அளவே உடையது. கண் அதற்குள் இருந்தால்தான் புள்ளி தெரியும். ஆர்எம்ஆரின் கண்ணாடி சுமார் 22 மில்லிமீட்டர் அகலமும் 16 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. நீட்டிய கையில் அது கண்ணிலிருந்து ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. குழல் மேலாகவோ கீழாகவோ சுமார் ஒரு பாகை சாய்ந்தாலே கற்றை கண்ணைத் தவறவிடும், புள்ளி மறையும். 7 மீட்டர் தொலைவில் ஒரு பாகைப் பிழை என்பது 12 சென்டிமீட்டர் விலகல்தான்.

அதே ஒரு பாகைப் பிழையில் இரும்பு முன்குறி தன் இடத்திலிருந்து 3 மில்லிமீட்டர் அளவுக்கு விலகிக் கண்ணுக்குத் தெரியும். அது உயர்ந்திருந்தால் குழலும் உயர்ந்திருக்கிறது. வலப்புறம் ஒதுங்கியிருந்தால் குழலும் அப்படியே. தவறையும் திருத்த வேண்டிய திசையையும் அது சேர்த்தே சொல்கிறது. ரெட் டாட் சரியாக இருக்கும்போது மட்டும் பேசும். தவறைப் பற்றி வாய் திறக்காது. கார்க் கதவுக்குப் பின்னால் மண்டியிட்டு, ஒரு கையில் வாக்கி டாக்கியும் மறு கையில் துப்பாக்கியுமாக இருக்கும் காவலருக்குக் கண்ணாடியில் வெறும் தெருதான் தெரிகிறது. மணிக்கட்டை அசைக்கிறார், புள்ளி ஓரத்தில் மின்னி மறுபக்கம் ஓடிவிடுகிறது. எந்தப் பக்கம் போனது என்று தெரியாமல் திரும்பவும் அசைக்கிறார். எதிராளி மீது இருக்க வேண்டிய கவனம் கண்ணாடிக்குள் போய்விடுகிறது.

இடைவிடாத பயிற்சி இதைச் சரிசெய்யும் என்பது ஆதரவாளர்களின் பதில். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்து நீட்டுவதை ஆயிரக்கணக்கான முறை செய்து பழகியவருக்குப் புள்ளி தானாகவே வந்து நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிச் சொல்லும்போதே, இது எளிது என்ற வாதத்தை அவர்கள் கைவிட்டுவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை தகுதித் தேர்வுக்காக மட்டும் சுடும் காவலர்கள் ஏராளம். அந்தத் தேர்வும் பெரும்பாலும் நேராக நின்று, இரு கைகளாலும் பிடித்துக் காகித இலக்கைச் சுடுவதுதான். புள்ளி மறையாத நிலையில் மட்டும் சோதித்துவிட்டுக் கருவிக்கு நற்சான்று கொடுப்பது பொறுப்பற்ற செயல்.

அருகில் புள்ளி தேவையில்லை, கண்ணாடியின் சட்டத்துக்குள் எதிராளியை அடக்கிச் சுடலாம் என்பது இன்னொரு பதில். அப்படியானால் அங்கே உதவுவது சட்டம், புள்ளி அல்ல. புள்ளி போனால், கண்ணாடி வழியே தெரியும்படி கூடவே பொருத்தும் உயரமான இரும்புக் குறிகள் கைகொடுக்கும் என்பதும் அதே கதை. காவலர்கள் சுட நேரும் நிகழ்வுகளில் பெரும்பாலானவை சில மீட்டர் தொலைவுக்குள் நடப்பவை. அந்தத் தொலைவில் பழைய முறையே கைகொடுக்க வேண்டுமென்றால், புதிய கருவியை எல்லோருக்கும் கட்டாயமாக்க நியாயமே இல்லை.

தொடர்ந்து பயிற்சி செய்பவர்களும் பார்வை மங்கியவர்களும் விரும்பினால் இதைத் தேர்ந்துகொள்ளட்டும். மற்றவர்களுக்கு வழங்கும் துறை முதலில் தகுதித் தேர்வை மாற்ற வேண்டும்: ஒற்றைக் கை, இடக்கை, மண்டியிட்ட நிலை, தரையில் விழுந்த நிலை ஆகியவற்றில் புள்ளியைக் கண்டுபிடிக்கும் நேரத்தை அளக்க வேண்டும். கருவிக்கான பணத்தோடு பயிற்சிக்கான நேரத்தையும் ஒதுக்காத துறை, தன் காவலரிடமிருந்து வேலை செய்யும் இரும்புக் குறியைப் பறித்துக்கொள்கிறது.