சூப்பர்சார்ஜருக்குத் தனி எண்ணெய்: ஒரு மதிப்பீடு

சூப்பர்சார்ஜர் என்பது காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும் கருவி. காரில் இது பெரும்பாலும் என்ஜினின் முன்புறமுள்ள பெல்ட்டால் இயங்குகிறது. மையவிலக்கு வகையில் உள்ளிருக்கும் பல்சக்கரங்கள் வேகத்தைக் கூட்டுவதால், காற்றை அழுத்தும் சக்கரம் நிமிடத்துக்கு 50,000 சுற்றுகளையும் எட்டும். இந்த வேகத்தில் எண்ணெய் நின்றால் பேரிங் விரைவில் இறுகிவிடும். ஆகவே எண்ணெயை எங்கிருந்து கொடுப்பது என்பது முக்கியமான கேள்வி.

என்ஜின் எண்ணெயைப் பகிர்தல்

வோர்டெக் வி-1, வி-2 போன்றவை என்ஜின் எண்ணெயையே பயன்படுத்துகின்றன. வடிகட்டிய எண்ணெய் தக்க அழுத்தத்தில் வருகிறது. என்ஜினுக்கு எண்ணெய் மாற்றும்போது இதற்கும் மாறிவிடுகிறது. குறை திரும்பும் வழியில் உள்ளது. எண்ணெய்ச் சட்டியில் துளையிட வேண்டும். துளை எண்ணெய் மட்டத்துக்குக் கீழே அமைந்தால் எண்ணெய் தேங்கி, சீல் வழியே கசியும். துளையிடும்போது விழும் உலோகத் துகளும் ஆபத்தே.

உள்ளேயே எண்ணெய்

ப்ரோசார்ஜர், வோர்டெக் வி-3 ஆகியவற்றில் எண்ணெய் கருவிக்குள்ளேயே இருக்கிறது. துளையோ குழாயோ வேண்டாம். இதைப் பராமரிப்பே தேவையற்றது என்று எடுத்துக்கொள்வது தவறு. அளவு சிறிது என்பதால் எண்ணெய் விரைவில் சூடேறிப் பழுதடைகிறது. குறித்த தூரத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். 1989இல் வெளிவந்த ஃபோர்டு தண்டர்பேர்ட் சூப்பர் கூப்பின் ஈட்டன் எம்90 நெடுநாள் ஒரே எண்ணெயில் ஓடுவதை இதற்குச் சான்றாகக் காட்ட முடியாது. அது மிகக் குறைந்த வேகத்தில் சுழலும் ரூட்ஸ் வகை.

வெளியே தனிச் சுற்று

டென்மார்க்கின் ரோட்ரெக்ஸ் இம்முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. இதில் பல்சக்கரம் இல்லை. உருளைகளின் பிடிப்பால் விசை கடத்தப்படுகிறது. அதற்கு அழுத்தத்தில் பிடிப்புத் தரும் தனி எண்ணெய் தேவை. என்ஜின் எண்ணெய் உதவாது. தொட்டி, வடிகட்டி, குளிர்விப்பான் ஆகியவை வெளியே இருந்தாலும், பம்பு கருவிக்குள்ளேயே இருந்து அதனுடனேயே சுழல்கிறது.

பகிரும் வகைக் கருவிக்கு மின்பம்பு வைத்துத் தனிச் சுற்று அமைப்போர் கவனிக்க வேண்டியது இதுதான். ஃபியூஸ் போனால் பம்பு நிற்கும்; பெல்ட் நிற்காது. அழுத்தம் குறைந்ததும் எச்சரிக்கும் விளக்கும், என்ஜினை நிறுத்தும் சுவிட்சும் இல்லாத அமைப்பு, தவிர்க்க நினைத்த ஆபத்தைவிடப் பெரிய ஆபத்தைக் கொண்டுவருகிறது. பம்பு, வடிகட்டி, எச்சரிக்கை ஆகிய மூன்றையும் என்ஜின் எண்ணெய்ச் சுற்று ஏற்கெனவே தருகிறது.

மதிப்பீடு

வேறு வகை எண்ணெய் தேவைப்படும் இடத்தில் தனிச் சுற்று அவசியம். சட்டியில் துளையிட இடமில்லாத காரில் உள்ளேயே எண்ணெய் கொண்ட வகை ஏற்றது. மற்ற இடங்களில், சரியான உயரத்தில் இட்ட ஒரு துளை, பாதி முடித்த தனிச் சுற்றைவிட நம்பகமானது.